விளக்கிச் சொல்வது சலுகை இல்லை

கோட்டை, கோயில் போன்ற பழைய மரபுச் சின்னங்களைப் பார்க்க வருகிற மக்களைக் கேலி செய்து ஒருவர் மேடையில் பேசிய அந்தக் காணொளியை இந்த வாரம் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். யார் பேசினார், எந்த மேடை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை. "வர்ற கூட்டத்துக்கு செல்ஃபி எடுக்க ஒரு பின்னணி போதும். அவங்களுக்கு வரலாற்றை விளக்கி என்ன ஆகப் போகுது?" என்று அவர் கேட்டதும் அரங்கம் சிரித்தது. பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குத் தைத்தது. அதைக் கைதட்டல் குறியோடு பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபுச் சின்னத்தைப் பார்க்க வருகிறவருக்கு அதை விளக்கிச் சொல்வது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை இல்லை. அந்த இடம் அவருடையதும்தான். பொதுப் பணத்தில், பொதுச் சொத்து என்று சொல்லித்தான் அதைக் காக்கிறோம். பொதுமக்களுக்குப் புரிய வேண்டியதில்லை என்றால் பிறகு யாருக்காகக் காக்கிறோம்?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதும் இல்லை. மரபுச் சின்னங்களை எப்படி விளக்க வேண்டும் என்று மரபுச் சின்னங்களுக்கான சர்வதேச வல்லுநர் அமைப்பான இக்கோமோஸ் 2008-இல் கனடாவின் கியூபெக்கில் ஒரு சாசனமே ஏற்றுக்கொண்டது. ஏழு கொள்கைகள். முதல் கொள்கையே மக்கள் அந்த இடத்தை அணுகவும் புரிந்துகொள்ளவும் வழி செய்வதுதான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1957-இல், தகவல் வேறு விளக்கம் வேறு என்று அமெரிக்க எழுத்தாளர் ஃப்ரீமன் டில்டன் எழுதிவிட்டார். நூற்றாண்டு, அரச மரபு, நீளம், அகலம் என்று பலகையில் அடுக்கினால் அது தகவல். யார் கட்டினார்கள், ஏன் இந்த இடத்தில், எப்படி அழிந்தது, இன்று நமக்கு இது என்ன என்று வந்தவரை யோசிக்க வைத்தால் அது விளக்கம். பெரும்பாலான பலகைகள் அளவோடு நின்றுவிடுகின்றன. அப்புறம் ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை என்று குறை.

விளக்கி என்ன ஆகும் என்று கேட்டாரே, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையைப் பாருங்கள். இது எங்களுக்குப் புனிதமான இடம், ஏறாதீர்கள் என்று அதன் மரபுரிமையாளர்களான அனங்கு மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போது தடை கிடையாது. வேண்டுகோளும் அதற்கான காரணமும் மட்டும்தான். வருகிறவர்களில் ஏறுவோர் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏறும் வழியை மூடலாம் என்று 2010-இன் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கீழே போனது. 2019 அக்டோபர் 26 அன்று வழி நிரந்தரமாக மூடப்பட்டது. மூடப் போவது தெரிந்ததும் கடைசி நாட்களில் ஏறுவதற்குக் கூட்டம் வரிசை கட்டியதும் உண்மை, மறைக்கவில்லை. ஆனாலும் அதற்கு முன்பே பெரும்பாலானோர் சட்டம் சொல்லாமலேயே ஏறுவதை விட்டிருந்தார்கள். செல்ஃபி கூட்டம் என்று நீங்கள் சிரிக்கிற அதே சுற்றுலாப் பயணிகள்தான் அவர்களும்.

விளக்காமல் விட்டால், அல்லது பொய்யாக விளக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டிலுள்ள கிரேட் சிம்பாப்வே இடிபாடுகள் இருக்கின்றன. காரையே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய நகரம். அதைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள்தான் என்று 1905-இலும் 1929-இலும் ஆய்வாளர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியா (சிம்பாப்வேயின் அன்றைய பெயர்) அதை மக்களிடம் நேராகச் சொல்ல விடவில்லை. வேறு யாரோ வந்து கட்டிய மாதிரியே பேச வைத்தார்கள். தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் இந்த நெருக்கடியால்தான் 1970-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, இது உங்களுடையது இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. விளக்கம் அற்ப விஷயம் என்றால் ஓர் அரசு அதற்கு ஏன் அவ்வளவு பயந்தது?

இதை எழுதும்போது என் அப்பா ஞாபகம் வருகிறார். அவர் கொத்தனார். சில வருடங்களுக்கு முன் அவரை ஒரு பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கோட்டை என்று சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்ப்பவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. கைடு அரசர்களின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டே முன்னால் போனார். அப்பா ஒரு சுவரருகே நின்றுவிட்டார். பழைய சுண்ணாம்புக் காரைமேல் யாரோ சிமெண்ட் பூசிப் பழுது பார்த்திருந்தார்கள். "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்டா. இப்படி சிமெண்டை அப்பினா உள்ள இருக்கிற ஈரம் கல்லு வழியாத்தான் வெளிய வரும். கல்லுதான் உதிரும்" என்றார். உதிர்ந்துதான் கிடந்தது. அதைக் கைடிடம் சொல்லப்போனார். "பெரியவரே, வழியை மறைக்காம வாங்க. அதெல்லாம் ஆபீசருங்க பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா வாசல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது கட்டடப் பாதுகாப்பில் இன்று அடிப்படைப் பாடம். அந்தக் கூட்டத்தில் அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு எதற்கு விளக்கம் என்கிறீர்கள். அவரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறதே, அது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? அந்த 2008 சாசனமே ஆய்வு முடிவுகளோடு வாழும் மரபுகளையும் மக்களின் வாய்மொழியையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையைச் சுற்றிக்காட்டியவர்களில் பலர் அங்கேயே அரசியல் கைதிகளாக அடைபட்டிருந்தவர்கள். அவர்களிடம் யாராவது பட்டம் கேட்டார்களா?

சரி, பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். சுவரில் பெயர் கிறுக்குகிறார்களே என்பீர்கள். கிறுக்குகிறார்கள், தப்புதான், தண்டியுங்கள். ஒருவன் கிறுக்கினான் என்பதற்காக வந்த எல்லாரையும் முட்டாளாக்காதீர்கள்.

கைடுகள் இஷ்டத்துக்குக் கதை அளக்கிறார்கள் என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது. சுரங்கப்பாதை, புதையல், சாபம் என்று கேட்டு நானும் நொந்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுத்தீர்களா? கடைசியாக நடந்த ஆய்வின் முடிவை அவர்கள் மொழியில் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்தீர்களா? மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கி வருவதா என்று அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. இரண்டையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று காட்டினால் மக்கள் ரசித்துக் கேட்பார்கள். அவர்களே கல்லைப் பார்த்து வாதாடுவார்கள். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று கேட்டுக்கொள்ளும் பக்குவம் அவர்களுக்கு உண்டு. அதை நம்ப உங்களுக்குத்தான் மனம் வரவில்லை.

"நீ என்ன தொல்லியல் படித்தவனா?" என்றும் கேட்பீர்கள். படிக்கவில்லை. படித்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்கள் மண்ணைத் தோண்டியிருக்காவிட்டால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஆனால் தோண்டியவருக்கு மட்டும் அந்த மண் சொந்தமாகிவிடாது. விளக்கிச் சொல்வது சலுகை இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன். படிக்காதவன், வெயிலில் வேலை செய்து விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வருகிறவன், அவனும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அதற்குக்கூடச் சிரிப்பீர்களா?

கைதட்டிப் பகிர்ந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தச் சின்னத்துக்குப் போனாலும் அங்கிருக்கும் தகவல் பலகையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கல் சுமந்தவர்களையும் செதுக்கியவர்களையும் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் யாருக்கு ஆர்வமில்லை என்று பேசலாம்.