படம் பிடிக்கிறவர் துணையாள் ஆகமாட்டார்

தண்ணீருக்குள் மூச்சடக்கிக் காட்டும் அந்த நீச்சல்குள ரீலைப் பற்றி மறுபடி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றும் அதைப் பகிர்ந்து "செம தில்லு" என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அதில் ஒரு தம்பி கரையில் உட்கார்ந்து மளமளவென்று 30 தடவை மூச்சை இழுத்து விடுகிறார், உடனே முங்குகிறார். நண்பர் மேலே நின்று போனில் படம் பிடித்தபடி விநாடி எண்ணுகிறார். இப்படி மூச்சு வாங்கிவிட்டு முங்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் ஆள் வேண்டும் என்று கமெண்டில் எழுதினேன். "பொறாமை" என்றார்கள். "கோர்ஸ் விக்க வந்துட்டாங்க" என்றார்கள். என்னிடம் விற்க எதுவும் இல்லை.

மூச்சடக்கும்போது "விடு விடு" என்று உந்துவது முக்கியமாக ஏறுகிற கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவது சொற்பம், அது முன்பே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம். மூச்சுக்குத் தவித்து வயிறு உதறத் தொடங்கும் முன்பே நினைவு போய்விடலாம். திணறல் இருக்காது. "முடியலைன்னா எழுந்துருவேன்ல" என்கிறவர்களே, முடியவில்லை என்று தெரிந்தால்தானே எழுவீர்கள்?

"நாலடித் தண்ணிதானே" என்பவர்களுக்கும் இதே பதில்தான். கடலில் இன்னொரு சிக்கலும் சேரும். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 2 மடங்கு. அங்கிருந்து ஏறும்போது நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தம் பாதியாகச் சரியும். அதனால் மயக்கம் பெரும்பாலும் கடைசி 10 மீட்டரில் வரும், அல்லது மேலே வந்த பிறகு. மேலே வந்த ஆளை 30 விநாடியாவது கண் எடுக்காமல் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

"ஆள் பக்கத்துலதானே இருந்தார்?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அசையாமல் மூச்சடக்குகிறவரும் மயங்கியவரும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள். துணையாள் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். குறித்த நேரத்துக்கு 1 நிமிடம் முன்பிருந்து தோளைத் தட்ட வேண்டும், மூச்சடக்குகிறவர் விரலை உயர்த்திக் காட்ட வேண்டும். பிறகு 30 விநாடிக்கு ஒரு தடவை, அதன்பின் 15க்கு ஒரு தடவை. விரல் அசையவில்லையா, உடனே இன்னொரு தட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் யோசிக்காமல் முகத்தை நீருக்கு மேலே தூக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சுற்றி ஊதி, கன்னத்தைத் தட்டி, பேர் சொல்லி "மூச்சு விடு" என்க வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயில் 2 முறை ஊதிக் கரையேற்ற வேண்டும். மயங்கியதும் பெரும்பாலும் தொண்டை தானாக இறுகித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தடுக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைப்பது. போனைக் கீழே வைக்கவே அதில் பாதி போய்விடும்.

"பிராணாயாமத்துலயும் மூச்சடக்குறாங்களே" என்று அதை இதற்குள் கொண்டுவராதீர்கள். பாயில் மயங்கினால் உடம்பு தானே காற்றை இழுத்துக்கொள்ளும், நீருக்குள் தண்ணீரைத்தான் இழுக்கும்.

"மன்னார் வளைகுடாவில் நம்ம ஆளுங்க முத்துக்குளிக்கலையா?" குளித்தார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, அந்தக் கயிற்றைப் பிடித்துத் தோணியில் ஒரு ஆள். மச்சானைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வார்கள் என்று இன்றும் சொல்கிறோமே, அது எதற்கு? தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான். முன்னோர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்தக் கயிற்றை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ரஷ்ய மூச்சடக்கு முங்கு வீராங்கனை நத்தாலியா மொல்சனோவா 2013இல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கியவர், 41 உலக சாதனைகள் படைத்தவர். 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபோர்மென்தெரா அருகே முங்கியவர் திரும்பவே இல்லை. அவருக்கே அப்படியென்றால், நேற்று ஆரம்பித்த பிள்ளையைக் கைதட்டி அனுப்ப எப்படி மனசு வருகிறது?

தம்பி, இதை நீங்கள் படித்தால்: பயிற்சியை விட வேண்டாம், கட்டிலுக்கு மாற்றுங்கள். உங்களால் 2 நிமிடம் முடிந்தால், 1 நிமிடம் வீதம் 8 தடவை அடக்குங்கள். இடையில் ஓய்வு முதலில் 2 நிமிடம், பிறகு ஒவ்வொன்றிலும் 15 விநாடி குறையட்டும். மூச்சு வாங்குவது சாதாரணமாக, மெதுவாக. தண்ணீருக்குப் போகும் நாளில் அந்த நண்பரையும் உள்ளே இறக்குங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.