கையில் கிடைத்த எண்ணெயை அடிக்காதீர்கள்

மோட்டாரில் ஓடும் பழைய கீபோர்டு வாத்தியமான ஹேமண்ட் பி-3 ஆர்கனைப் பழுது பார்க்க யாராவது கூப்பிட்டால், எனக்குப் பயமெல்லாம் முன்னால் கைவைத்தவர்களை நினைத்துத்தான். போன வாரமும் அதே கதை. பின்பலகையைக் கழற்றினால், சுரத்தை உண்டாக்கும் ஜெனரேட்டர் முழுக்கப் பழுப்பாக, கோந்து மாதிரி பிசுபிசுப்பு. "கொஞ்சம் இறுகியிருந்தது, வீட்டில் இருந்த எண்ணெயை அடித்துவிட்டோம்" என்றார்கள்.

வயிறு எரிகிறது. உள்ளே 91 டோன்வீல்கள், அதாவது சின்ன உலோகச் சக்கரங்கள், காந்தங்களுக்கு முன்னால் சுற்றுகின்றன. அந்தச் சுற்றிலிருந்துதான் சுரமே பிறக்கிறது. அவற்றின் தாங்கிகளுக்கு எண்ணெய் போவது மெல்லிய நூல்கள் வழியாக, அகல் விளக்கில் திரி உறிஞ்சுகிற மாதிரி. அதற்கென்றே நீர்த்த எண்ணெய் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மேலே உள்ள புனல்களில் அளவாக விட்டால் போதும். கண்டதை அடித்தால் நூல் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நல்ல எண்ணெய் விட்டாலும் இறங்காது. நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நூல் நூலாக நனைத்து, ஊறவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்டார்ட் சுவிட்ச். ஒரு தட்டு தட்டிவிட்டு "மோட்டார் போச்சு" என்கிறார்கள். எட்டு வினாடி பிடிக்க வேண்டும், விடாமலேயே ரன் சுவிட்சைப் போட்டு இன்னும் நாலு வினாடி. தொடர்ந்து ஓட்டுகிற ரன் மோட்டார் தானாகக் கிளம்பாது, ஸ்டார்ட் மோட்டார்தான் அதைச் சுற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்!

1975-க்குப் பிறகு இந்த டோன்வீல் ஜெனரேட்டரை யாரும் புதிதாகச் செய்து தருவதில்லை. தயவுசெய்து, அடிப்பதற்கு முன் ஒரு போன் பண்ணுங்கள்.