எழுதிய விதியை யார் படிக்கிறார்கள்?

ஃபேன்டஸி எழுதும் நண்பர்கள் பலர் விதியைக் கருவாக எடுக்கிறார்கள். பிறக்கும்போதே எல்லாருக்கும் எல்லாமும் எழுதப்பட்டுவிட்ட ஓர் உலகம். ஆசை ஆசையாகப் படிக்க ஆரம்பிக்கிறேன். பாதிக் கதை போவதற்குள் அந்த விதி எங்கோ ஓரமாகப் போய்விடுகிறது. அந்த உலகத்து மனிதர்கள் நம்மைப் போலவே கடன் வாங்குகிறார்கள், நம்மைப் போலவே கல்யாணம் பேசுகிறார்கள், வழக்கு நடத்துகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் நாயகன் ஏதோ ஒரு கல்லை உடைக்கிறான், விதி மாறிவிடுகிறது. இவ்வளவு பெரிய கருவை எடுத்துவிட்டு இப்படிப் பாதியில் கைவிடுவதைப் பார்க்க எனக்கு மனசே ஆறுவதில்லை.

விதி உண்டு என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது யாருக்குத் தெரியும், எப்போது தெரியும், எவ்வளவு தெரியும் என்பதில்தான் அந்த உலகமே நிற்கிறது. கட்டுகிறவர் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதைத்தான்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகத்திலேயே நமக்குச் சொல்லியாகிவிட்டது. கோவலனுக்குக் கெட்ட கனவு வருகிறது, கண்ணகிக்கும் வருகிறது. ஆனால் எந்த வினை, எதற்காக என்பது கோவலனுக்குச் சாகும்வரை தெரியாது. அவன் வெட்டுப்பட்டு, பாண்டியன் உயிர்விட்டு, மதுரை தீப்பிடித்த பிறகுதான் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து பேசுகிறது. போன பிறவியில் கோவலன் பரதன் என்பவனாக இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொலைக்குக் கொடுத்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது என்கிறது. எல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும் காரணம். அதைக் கேட்டு இனி யாராலும் எதையும் செய்ய முடியாது. அந்த இடத்தில் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கிரேக்கர்களின் ஈடிபஸ் கதையில் இது தலைகீழ். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று குறி சொல்லும் டெல்ஃபி கோயிலில் ஈடிபஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நம்பி, அவர்களைக் காப்பாற்றுவதற்காக அவன் கொரிந்து நகரைவிட்டு ஓடுகிறான். அந்த ஓட்டம்தான் அவனை உண்மையான தந்தையின் எதிரே கொண்டுபோய் நிறுத்துகிறது. இங்கே தெரிந்துகொண்டதுதான் விதியை நடத்தி வைக்கிறது. இரண்டு கதையிலும் விதி தப்பாது. ஆனால் தெரியவரும் நேரம் மாறியதும் இரண்டும் வேறு வேறு உலகங்கள் ஆகிவிடுகின்றன.

ஒரு சின்ன விதி வைத்துப் பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் சாகும் வயது மட்டும் பிறந்த அன்றே ஓர் ஓலையில் வந்துவிடும். வேறு எதுவும் வராது. இப்போது வட்டிக்கடைக்காரர் முதலில் என்ன கேட்பார்? ஓலையைத்தான். 80 என்று இருப்பவனுக்குக் கடன் தாராளமாகக் கிடைக்கும். 23 என்று இருக்கும் பெண்ணை எந்த வைத்தியர் பத்து வருடப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்வார்? அவளுடைய அப்பா ஓலையை அடுப்பில் போட்டுவிட்டு, வெள்ளத்தில் போய்விட்டது என்று ஊரில் சொல்வார். ஓலை இல்லாதவர்கள் ஒரு தனிச் சாதியாகவே ஆகிவிடுவார்கள். 2-ஐ 7 ஆக்கித் தருகிறவன் ஒருவன் சந்துக்குள் கடை போட்டிருப்பான். ஓலைகளைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் இருப்பவனுக்கு அரசனைவிட அதிகாரம் இருக்கும், ஏனென்றால் அரசனின் ஓலையும் அவனிடம்தான். எனக்கு இந்த அலுவலகத்தைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும்.

நீதிமன்றத்தை மறந்துவிடாதீர்கள். கொலை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் கொன்றவனை எப்படித் தண்டிப்பது? எல்லாம் விதிப்படியே நடக்கும் என்ற கிரேக்க ஸ்டோயிக் தத்துவஞானி ஜீனோவைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. திருடிய அடிமையை அவர் அடிக்க, “திருட வேண்டும் என்பது என் விதி” என்றானாம் அவன். “அடி வாங்க வேண்டும் என்பதும்தான்” என்றாராம் ஜீனோ. ஒரு சமூகத்தின் சட்டப் புத்தகம் முழுவதையும் இந்தப் பதிலின் மேல் கட்டலாம், அந்தச் சமூகம் எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பதையும் காட்டலாம்.

எல்லாம் முடிவானது என்றால் மனிதர்கள் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைப்பதும் தவறு. பழங்கால இந்தியத் துறவிகளான ஆசீவகர்கள், எல்லாம் நியதிப்படியே, அதாவது விதிப்படியே, நடக்கும் என்றவர்கள். அவர்களின் ஆசான் மற்கலி கோசாலரின் கொள்கைப்படி முட்டாளும் அறிஞனும் 84 லட்சம் மகாகற்பங்கள், அதாவது மிக நீண்ட யுகங்கள், பிறவிகளில் சுழன்றால்தான் துன்பம் தீரும். நூல் உருண்டையை வீசினால் நூல் உள்ள மட்டும் அது பிரிந்து ஓடுவதைப் போலத்தான் இதுவும். தவத்தால் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது. அப்படி நம்பியவர்கள்தான் கடுமையான தவமும் செய்தார்கள். இதை முரண்பாடு என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். பலன் இல்லை என்று தெரிந்தும் பாடுபடும் மனிதன்தான் இப்படிப்பட்ட உலகத்தில் எனக்கு மிக நெருக்கமான பாத்திரம். அவனை எழுதுங்கள்.

விதியை உடைத்தே தீர வேண்டும் என்றால் உடையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது உடையக்கூடிய இடத்தை முதல் சில அத்தியாயங்களிலேயே எங்கள் கண்ணில் காட்டிவிடுங்கள். ஓலையில் எழுத்து மங்கிய ஒருவன், இரட்டையராகப் பிறந்தும் ஒரே ஓலை பெற்ற இருவர் என்று ஏதாவது. நாங்கள் பார்த்தும் கவனிக்காமல் கடந்து போயிருக்க வேண்டும். உடைந்த பிறகு 80 வயது ஓலையை நம்பிக் கடன் கொடுத்த அந்த வட்டிக்கடைக்காரர் மறுநாள் காலையில் என்ன செய்தார் என்பதையும் எழுதிவிட்டுக் கதையை முடியுங்கள்.