அடித்த நான்கு சொற்கள்
எழுத்துக்கலை நூல்களைப் படித்து எழுத்து வராது என்கிறீர்கள். தனியாகப் படித்தால் சரிதான். நாங்கள் நான்கு பேர், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் எழுத்துக்கலை பற்றி எழுதிய 'ஆன் ரைட்டிங்' (2000) நூலைக் கூடிப் படித்தோம். முதல் வரைவில் 10 சதவீதம் குறைத்தால் இரண்டாம் வரைவு என்று அதில் ஒரு கணக்கு வரும். இளம் வயதில் கிங் எழுதிய ஒரு கதையை ஏற்காமல் திருப்பி அனுப்பியபோது ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிய குறிப்பு அது. அன்றே அவரவர் கதையை எடுத்தோம். 'கண்கள் கலங்க, தொண்டை அடைக்க, அம்மா தட்டைக் கழுவினாள்' என்று எழுதியிருந்தேன். தோழி முதல் நான்கு சொற்களையும் அடித்துவிட்டாள். மிச்சத்தை உரக்கப் படித்ததும் எனக்கே தொண்டை அடைத்தது. அப்புறம், வினையடையை, அதாவது ஒரு செயல் எப்படி நடந்தது என்று காட்டும் சொல்லை, தவிர்க்கச் சொல்கிறாரே கிங், அதில்தான் பெரிய சண்டை. 'மெல்ல', 'சட்டென்று' இல்லாமல் தமிழில் கதை சொல்ல முடியுமா? இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.