கவுனுக்குக் கொட்டும் பணத்தில் பாதியைக் குரலுக்குச் செலவழியுங்கள்

பெரும்பாலும் ஆண்கள் பெண் வேடமிட்டு மேடையேறும் 'டிராக்' கலைஞர்களுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான ரூபால்ஸ் டிராக் ரேஸில் விலையுயர்ந்த உடையோடு வருபவர்தான் ஜெயிப்பார் என்ற எண்ணம் பார்வையாளர்களிடமும் போட்டியாளர்களிடமும் ஊறிவிட்டது. உடைச் செலவு போட்டியாளர் தலையில்தான் விழுகிறது. கடன் வாங்கித் தைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கையில் மனசு பதறுகிறது. அதில் இரண்டு முறை பட்டம் வென்ற ஜிங்க்ஸ் மான்சூனின் பாதையை அவர்கள் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

2013இல் ஐந்தாவது சீசனுக்கு வந்தபோது அவருடைய உடையையும் ஒப்பனையையும் குறைசொல்லாதவர்கள் குறைவு. ஆனால் சியாட்டிலின் கார்னிஷ் கலைக் கல்லூரியில் நாடகம் படித்தவர் அவர். பிரபலம் ஒருவரைப் போல நடித்து, கோடிட்ட இடத்தை நிரப்பும் 'ஸ்னாட்ச் கேம்' சுற்றில் அது வெளிப்பட்டது. இந்தச் சுற்றில் பலர் கவிழ்வதற்குக் காரணம், முகச்சாயலை மட்டும் நம்பி ஆளைத் தேர்ந்தெடுப்பது. கைவசம் இருக்கும் இரண்டு வசனமும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஜிங்க்ஸ் எடுத்துக்கொண்ட, 'கிரே கார்டன்ஸ்' ஆவணப்படத்தில் வரும் லிட்டில் ஈடி பீலுக்கு ஒரு உச்சரிப்பு, ஒரு ஏக்கம், பேச்சு தடம் மாறும் விதம் என்று முழு ஆளே இருந்தது. எதைக் கேட்டாலும் அந்த ஆளுக்குள்ளிருந்தே பதில் வரும். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும் இங்கே பாதி வேலை.

ஒலிக்கும் பாட்டுக்கு உதடசைத்து நடிக்கும் லிப் சிங்க்கும் அப்படித்தான். வரிகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. பாடகி எங்கே மூச்சு இழுக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அதே இடத்தில் விலா விரிய வேண்டும். மூச்சு தப்பினால் உதடு சரியாக அசைந்தாலும் பொய்யாகத் தெரியும். சக போட்டியாளர் டிடாக்ஸுக்கு எதிராக ஜிங்க்ஸுக்கு வந்தது பெரு நாட்டுப் பாடகி இமா சுமாக்கின் 'மலாம்போ நம்பர் 1'. வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாத பாட்டு. குரலின் ஏற்ற இறக்கம்தான் அதன் உயிர். தொண்டையும் தாடையும் பாடத் தெரிந்திருந்ததால் கரையேறினார்.

ஒப்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் அடிப்படை மலிவானது. புருவத்தை மறைக்க, அதை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, நீரில் கரையும் பசைக் குச்சியை மேல்நோக்கித் தேய்த்துப் படியவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூன்று பூச்சு ஆனதும் பவுடர், அதன்மேல் கெட்டியான ஃபவுண்டேஷன். ஈரத்தின்மேல் ஈரம் போட்டால் மேடை வெளிச்சத்தின் சூட்டில் முடி ஒவ்வொன்றாக எழும்பும். தாடி நிழலை மறைக்க ஆரஞ்சு நிறத் திருத்தி முதலில் போக வேண்டும். நேரடியாகச் சருமநிறம் பூசினால் சாம்பல் பூத்துவிடும். இடுப்பைப் பெரிதாகக் காட்ட உள்ளே வைக்கும் ஸ்பான்ஜின் ஓரத்தைக் காகிதம்போல் சீவாவிட்டால், மூன்று டைட்ஸ் போட்டாலும் விளிம்பு கோடாகத் தெரியும். இதற்கெல்லாம் வேண்டியது பொறுமைதான், பெரிய பணமில்லை.

ஐந்தாவது சீசனில் பட்டம் வென்ற ஜிங்க்ஸுக்குக் கிடைத்தது 1,00,000 டாலர். 2022இல், முன்பே பட்டம் வென்ற 8 பேர் மட்டும் மோதிய, பழைய போட்டியாளர்களுக்கான 'ஆல் ஸ்டார்ஸ்' ஏழாம் சீசனிலும் வென்று 2,00,000 டாலர். இதற்கிடையே, 2018 முதல் இன்னொரு டிராக் கலைஞரான பென்டெலாக்ரேமுடன் சேர்ந்து எழுதி நடத்திய கிறிஸ்துமஸ் மேடைச் சுற்றுப்பயணங்கள். என் கணிப்பில் பட்டத்தைவிடப் பெரிய முதலீடு அதுதான்: ஊர் ஊராக டிக்கெட் வாங்கிவரும் ரசிகர்கள், சொந்த நகைச்சுவை, சொந்தப் பாடல். 2023இல் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் 'சிகாகோ' இசை நாடகத்தில் மேட்ரன் மாமா மார்ட்டன் வேடம், 2024இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ'வில் வில்லி, 2025இல் மறுபடி பிராட்வே.

பிராட்வேயில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். அங்கே லிப் சிங்க் கிடையாது. சொந்தத் தொண்டை தாங்க வேண்டும். விண்ணப்பிக்க நினைக்கும் இளம் கலைஞர்கள் ஒரே ஒரு கவுனையாவது குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் பாட்டு வகுப்புக்கோ நடிப்புப் பட்டறைக்கோ போக வேண்டும். தயாரிப்பாளர்களும் உடை அணிவகுப்பின் எண்ணிக்கையைக் குறைத்து, நடிப்புச் சுற்றுகளைக் கூட்டட்டும்.