பெயர் ஒத்துப்போனால் ஆளும் ஒன்றாகிவிடுமா?

"முத்துசாமி மகன் ராமசாமி, நம்ம ஊர்தான். அப்புறம் என்ன, கொள்ளுத் தாத்தாவேதான்!" என்று சொல்லி, குடும்ப மரம் எழுதுகிறவர்கள் கையில் கிடைத்த பழைய பத்திரத்தை வம்சாவளியில் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பத்தில் அந்த இரண்டு பெயரும் எதைத்தான் நிரூபிக்கும்? ராமசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி முத்துசாமி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும் எழுத்துப் பிசகாமல் திரும்ப வரும். 1880-இல் நிலம் வாங்கியவர் முத்துசாமி மகன் ராமசாமி. 1935-இல் அதை அடமானம் வைத்தவரும் முத்துசாமி மகன் ராமசாமி. வாங்கியவர் தாத்தா, வைத்தவர் பேரன். நீங்களோ இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் போட்டு, நடுவில் ஒரு தலைமுறையையே விழுங்கிவிட்டீர்கள்!

இது மேலிருந்து கீழே வரும் சிக்கல். பக்கவாட்டில் வருவது இதைவிட மோசம். அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால் மூவருமே தலைமகனுக்குத் தங்கள் அப்பா பெயரை வைப்பார்கள். ஒரே ஊரில், கிட்டத்தட்ட ஒரே வயதில் மூன்று ராமசாமிகள். அப்பாக்கள் பெயர் முத்துசாமி, முருகேசன், முனியப்பன் என்றால் மூவருக்கும் இனிஷியல் 'மு'. அந்த ஒற்றை எழுத்தை நம்பி ஆளை முடிவு செய்வது எப்படிப்பட்ட துணிச்சல்! "பெரிய ராமசாமி", "சின்ன ராமசாமி" என்று எழுதியிருந்தால் உடனே அப்பா, மகன் என்று கோடு போடுகிறார்கள். தாத்தா பெயர் வைக்கும் வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? அவர்கள் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்குள் அழைக்கும் பெயர் வேறு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லாத காலம் அது. அதனால் ராமசாமி என்று பெயர் வைத்த பையன் வீட்டில் துரை ஆகிவிடுவான். பாட்டி சொன்ன "துரை சித்தப்பா"வைத் தனி ஆளாக நினைத்து, பிறக்காத ஒரு தம்பியை மரத்தில் சேர்த்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

பிறப்பு, இறப்புப் பதிவேடு காப்பாற்றும் என்று நம்பிப் போகிறார்கள். 1899-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டப்படி எழுதிய பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "ஆண்", தகப்பன் பெயர், ஊர், அவ்வளவுதான். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் அந்தக் கட்டம் காலியாகவே நின்றுவிடும். இறப்புப் பதிவில் வயது 50, 55, 60 என்று வட்டமாக இருந்தால் அது சொன்னவரின் மதிப்பு, கணக்கு அல்ல. அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துக் கண்டுபிடித்து, மரத்தில் உறுதியான தேதியாக எழுதாதீர்கள்.

ஜாதகத்தை வைத்து நடக்கும் குளறுபடி இன்னும் கொடுமை. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1867-இல் வந்தது, 1927-இல் வந்தது, 1987-இலும் வந்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடைவெளி எவ்வளவு? 50, 60 ஆண்டு. பெயரும் ஒன்று, ஆண்டுப் பெயரும் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு இணைத்துவிடுகிறார்கள். கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருக்கிறதே, அதை ஏன் பார்ப்பதில்லை? அதே மாதம் அதே தேதி 60 ஆண்டு கழித்து வரும்போது கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளியிருக்கும், நட்சத்திரமும் மூன்றோ நான்கோ நகர்ந்திருக்கும். பழைய பஞ்சாங்கத்தில் இரண்டு ஆண்டையும் எடுத்து வைத்தால் எது பொருந்துகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வரி ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டுக்கு 590 கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தெற்கே மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டை எழுதியிருப்பார்கள். கொல்லம் 1100 என்பது 1924–25.

பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த ஆள் அப்போது உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்டுவதை எப்போதுதான் நிறுத்துவார்கள்? இறந்து முப்பது, நாற்பது ஆண்டு ஆகியும் பெயர் மாற்றாத பட்டா ஊருக்கு ஊர் கிடக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த, பட்டாப் பதிவுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் தகப்பன் பெயரும் இனிஷியலும் தப்பாக ஏறிய இடங்களும் ஏராளம். பட்டா நிலத்தைப் பற்றிப் பேசும். ஆளின் ஆயுளைப் பற்றிப் பேசாது.

உருப்படியாக வேலை செய்ய வேண்டுமென்றால், பெயரைப் பிடித்துத் தேடுவதை விடுங்கள். நிலத்தைப் பிடியுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. சொத்து அட்டவணை வழியாக ஒரே சர்வே எண்ணின் வில்லங்கத்தை, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரத்தை, பின்னோக்கி எடுத்துக்கொண்டே போங்கள். இணையத்தில் ஓரளவு ஆண்டுகள்தான் பின்னோக்கிப் போகலாம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுக்கத்தான் வேண்டும். உட்பிரிவு மாறியிருக்கும், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் கிடைத்ததும் பெயரைப் படித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். நான்கெல்லைக்காரர்கள் யார் யார் என்பது இரண்டு ராமசாமிகளைப் பிரிப்பதுபோல வேறு எதுவும் பிரிக்காது. ஒருவர் நிலத்துக்குக் கிழக்கே வாய்க்கால், வடக்கே பெரியண்ணன் நஞ்சை. இன்னொருவர் நிலம் ஊரின் மறுகோடியில். "காலஞ்சென்ற முத்துசாமி மகன்" என்று இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே முத்துசாமி இறந்துவிட்டார். அந்த ஒற்றைச் சொல் பல மரங்களைச் சாய்த்துவிடும், அதையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1910-இல் கையெழுத்துப் போட்டவரும் 1912-இல் கைநாட்டு வைத்தவரும் ஒருவரா என்று சந்தேகப்படுங்கள். முதுமையில் கை நடுங்கிக் கைநாட்டு வைப்பதும் உண்டு, அதனால் வயதையும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பாகப்பிரிவினைப் பத்திரம் தங்கம். எந்தக் கிளையில் எந்த ராமசாமி என்று பங்காளிகளே எழுதிக் கையெழுத்திட்டது அது. அடுத்தது சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பெண்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். மகள் பெயர், அவள் கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் மூன்றும் அதில் இருக்கும். வம்சாவளியில் பெண்களை விட்டுவிட்டு எழுதுகிறார்களே, அந்த ஆத்திரம் தனி. ஒரே பெயர்கொண்ட ஆண்களைப் பிரித்துக் காட்டுவதே மனைவியின் பெயரும் அவள் பிறந்த ஊரும்தான்! அவளைத் தூக்கி எறிந்துவிட்டு, "ராமசாமி குழப்பம் தீரவில்லை" என்று புலம்பினால் எப்படித் தீரும்?

மாவட்டப் பெயர் வேறாக இருக்கிறது என்று சரியான ஆளை ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. திண்டுக்கல் 1985-இலும் தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. பழைய தாளில் அவை மதுரை, திருநெல்வேலி என்றே இருக்கும். புதூர், நல்லூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதாமல் தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்திருந்தார்கள். கையில் எண் இருக்கும்போது அதை விட்டு ராமசாமி என்ற பெயரைத் துரத்துவது வீண் வேலை.

ஏற்கெனவே ஒட்டிவிட்ட மரமா? பிரியுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு தனித் தாள். அதில் வருபவர் தனி ஆள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பெயரும் தகப்பன் பெயரும் நீங்கலாக, மனைவி, சர்வே எண், எல்லைக்காரர், உடன்பிறந்தோர் இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்தால் மட்டுமே தாள்களைச் சேருங்கள். சேர்த்தபின் வயதைப் போட்டுப் பாருங்கள். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் 40 ஆண்டு இடைவெளி வந்தால் இரண்டு ஆட்களாக இருக்கலாம், அல்லது இரண்டு மனைவியர். எந்த ராமசாமியின் பிள்ளை என்று ஆவணம் சொல்லாத குழந்தையை யார் தலையிலும் கட்டாமல், கோடு போடாமல் தனிக் கட்டமாகவே விட்டுவையுங்கள்.