உலக்கைக்கு நிழல் இல்லை

இடம்: யாழ்ப்பாணம், கொக்குவிலில் ஒரு வீட்டு முற்றம். ஏப்ரல் 15, பின்னேரம் ஐந்தே கால்.

மகள் வேலையால் வந்து ஸ்கூட்டியைப் படலைக்குள் விடுகிறாள். முற்றத்தின் நடுவே உலக்கை கிடக்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மாமரத்தின் கீழ் பாய், பாயில் ஒரு கொப்பி, நாலைந்து வெறும் கிளாஸ்கள். அப்பா தூணோடு சாய்ந்து நிற்கிறார். அவருடைய சாய்மனைக் கதிரை இரண்டடி தள்ளிச் சும்மா கிடக்கிறது. ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர் சாய்மனைக் கதிரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் எதுவோ நடந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மகள்: என்னப்பா நிற்கிறீர்கள்? இருங்கோவன்.

அப்பா: பரவாயில்லை பிள்ளை. நிற்கிறது உடம்புக்கு நல்லதாம்.

மகள்: தம்பி எங்கே? (தம்பி என்பது அவளுடைய மகன்.)

அப்பா: கிணற்றடியில் முகம் கழுவுகிறான். நல்ல சுகமாக இருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகள்: அதை ஏன் முதலில் சொல்லுகிறீர்கள்?

அப்பா: முதலில் சொல்லக்கூடியது அதுதான்.

மகள்: பிரிட்ஜில் ஒட்டியிருந்த நேரசூசி எங்கே?

அப்பா: இருக்கிறது, இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். நீ தேத்தண்ணி குடிக்கவில்லையோ?

மகள்: பெடியன் லீவு முழுக்கப் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறானே, கொஞ்சம் வெளியில் நின்று படிக்கட்டும், விளையாடட்டும் என்று இரவு பன்னிரண்டு மணி வரை இருந்து எழுதினது அப்பா. ஏழு மணிக்குப் பறவை அவதானம், எட்டு மணிக்குக் காற்று, எட்டரைக்கு நீர் அருந்துதல்...

அப்பா: நீர் அருந்துதலுக்குப் பத்து நிமிடம் போட்டிருந்தாய். குடித்து முடித்துவிட்டு மிச்ச ஒன்பது நிமிடமும் என்ன செய்கிறது என்று தம்பி கேட்டான்.

மகள்: கொப்பியில் எழுதினானோ?

அப்பா: எழுதினான். எழுதவேண்டாம் என்று சொன்னதையும் எழுதினான்.

(மகள் பாயில் இருந்து கொப்பியை எடுக்கிறாள். அட்டையில் ‘அவதானக் கொப்பி, தரம் 4’ என்று அவளே எழுதிய எழுத்து. அடியில் வேறு எழுத்தில் ‘அம்மப்பாவும் நானும்’.)

மகள்: “காலை 7 மணி. கண்ட பறவைகள் ஐந்து. காகம், காகம், புலுனி, காகம், பக்கத்து வீட்டுக் கோழி.”

அப்பா: செண்பகமும் வந்தது பிள்ளை. முருங்கையில் வந்து இருந்தது. நான்தான் முதலில் கண்டேன்.

மகள்: “ஆறாவது பறவை செண்பகம் என்று அம்மப்பா கத்தினார். திரும்பிப் பார்த்தபோது முருங்கை மட்டும் இருந்தது.”

அப்பா: கத்தவில்லை. கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

மகள்: “8 மணி. காற்று. வாடை வடக்கு, சோளகம் தெற்கு, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. கோயிலின் மேற்கு வீதியில் கச்சான் கடை இருப்பதால் இந்தப் பெயர் வந்தது.” இதை யார் சொல்லிக் கொடுத்தது?

அப்பா: அவனே கண்டுபிடித்தது. நான் திருத்தப் போனேன். அப்ப ஏன் கச்சான் என்று பெயர் என்று கேட்டான். எழுபது வயதில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கடையையே விட்டுவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

மகள்: கீழே பட்டம் கீறியிருக்கிறான். சித்திரையில் பட்டமோ?

அப்பா: அதைத்தான் நானும் சொன்னேன். தையில் வாடை பிசகாமல் நின்று வீசும். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டப்போட்டி வைக்கிறார்களே, அந்தக் காற்றை நம்பித்தான். இப்ப வாடை போய்விட்டது, சோளகம் இன்னும் எழும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கிடந்து அவிகிறோம். வேப்பிலைகூட அசையவில்லை.

மகள்: அப்ப பட்டம் ஏற்றவில்லை.

அப்பா: ஏற்றினோம். காற்று இல்லாவிட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் காற்று வரும் என்று பின்வளவுப் பிள்ளைகள் சொன்னார்கள். விஞ்ஞானப்படி பிழை சொல்ல முடியாது.

மகள்: “பட்டம் ஏறிய உயரம்: அம்மப்பாவின் தோள். அம்மப்பா ஓடிய தூரம்: முற்றம் நான்கு தரம். ஐந்தாம் தரம் நடந்தார்.”

அப்பா: பார், அளவெல்லாம் எடுத்திருக்கிறான். ரியூசனில் இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்களோ?

மகள்: அடுத்தது... “12.10.” அப்பா! பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை சிவப்பு மையால் கோடு அடித்து வைத்தேனே! அந்த நேரம் வெய்யிலுக்குள் தலை காட்டக்கூடாது என்று!

அப்பா: தலை காட்டவில்லை. தம்பி மாமரத்துக்குக் கீழே பாயில் இருந்தான், கையில் தேசிக்காய்த் தண்ணியோடு. உப்பும் சீனியும் அளவாகப் போட்டுத்தான். பின்வளவுப் பிள்ளைகள் மூன்று பேரும் அப்படித்தான். வெய்யிலில் நின்றது நான் மட்டும்தான்.

மகள்: நீங்கள் ஏன் நின்றீர்கள்?

அப்பா: உலக்கையைப் பிடிக்க ஆள் வேண்டாமோ?

மகள்: இன்றைக்கு என்ன, கிரகணமோ?

அப்பா: கிரகணம் இல்லை. சூரியன் உச்சிக்கு வருகிற நாள். ஏப்ரல் 5 இலிருந்து 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வானிலைக்காரர் வருடா வருடம் ரேடியோவில் சொல்லுகிறார்கள், நாங்கள் ‘அதுதான் இந்தப் புழுக்கம்’ என்று சொல்லிவிட்டு விசிறியைத் தேடுகிறோம். தெற்கில் இருக்கிறவர்களுக்கு முதலில், எங்களுக்குக் கடைசியில். இன்றைக்கு நட்டு வைத்த தடிக்கு நிழலே இராது. இதை விட்டால் இனி ஆவணியில்தான்.

மகள்: அது பன்னிரண்டு மணிக்கல்லவோ? ஏன் பன்னிரண்டு பத்து?

அப்பா: இதே கேள்விதான், இதே முகம்தான், தம்பியும் கேட்டான்! எங்களுடைய மணிக்கூடு 82½ பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது. யாழ்ப்பாணம் 80 இல் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் இரண்டரைப் பாகைக்குப் பத்து நிமிடம். சூரியனே இங்கே பத்து நிமிடம் பிந்தித்தான் வருகிறது பிள்ளை. முப்பது வருடம் கந்தோரில் பிந்தி வந்ததற்குச் சைக்கிள் காற்றுப் போனது, சைக்கிள் காற்றுப் போனது என்று எழுதிக் கொடுத்தேன். இது தெரியாமல் போய்விட்டது.

மகள்: (வாசிக்கிறாள், வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்) “12.10. உலக்கைக்கு நிழல் இல்லை. அம்மப்பாவுக்கு வயிற்றின் நிழல் மட்டும் இருந்தது. அவருடைய பாதங்கள் அதற்குள் நின்றன.”

அப்பா: படம் சரியாக வரவில்லை.

மகள்: அச்சொட்டாக வந்திருக்கிறது. தொப்பி போட்டிருந்தீர்களோ?

அப்பா: தம்பியுடையது. உச்சியில் குந்திக்கொண்டு இருந்தது.

(மகள் தாளைப் புரட்டுகிறாள்.)

மகள்: “12.30 முதல் 3 மணி வரை. நிழலில் கொக்கான். பின்வளவு அக்கா எட்டுத் தரம் வென்றா. அம்மப்பா பயற்றம் பணியாரம் முழுவதும் தோற்றார்.” அது வருடப் பிறப்புக்குச் சுட்டது! பெரிய மாமி வந்தால் கொடுக்க என்று ரின்னில் எடுத்து வைத்தது!

அப்பா: ரின் இருக்கிறது.

மகள்: அப்பா...

அப்பா: பெரிய மாமிக்குச் சீனி வியாதி. நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. அந்தப் பெட்டையின் கையைப் பார்க்க வேண்டும் பிள்ளை. ஐந்து கல்லும் மேலே போகும், கை நிலத்தைத் தொட்டு வரும், ஐந்தும் உள்ளங்கையில் வந்து இருக்கும். எனக்கு முதல் கல்லே மூக்கில் விழுந்தது.

மகள்: ஒன்பதரைப் பக்கத்தைக் காணவில்லையே. எட்டிலிருந்து நேரே பன்னிரண்டு பத்துக்கு வந்துவிட்டது. ஓ, ஒட்டியிருக்கிறது... தேசிக்காய்த் தண்ணி.

அப்பா: ஒட்டினது ஒட்டினதாகவே இருக்கட்டும். கிழிந்துவிடும்.

மகள்: (பக்கத்தைப் பிரிக்கிறாள்) “9.30. அம்மப்பாவின் கண்ணாடி. வெய்யிலில் கிட்டப் பிடித்தால் பெரிய வட்டம். தூக்கத் தூக்க வட்டம் சிறிதாகும். 40 சென்ரிமீற்றரில் ஒரு பொட்டு.” உங்கள் கண்ணாடியாலோ?

அப்பா: வாசிக்கிற கண்ணாடி குவிவு வில்லைதானே. உன்னுடைய தையல் நாடாவால் அளந்தான். நூறை நாற்பதால் பிரி, கண்ணாடியின் வலு வரும் என்றேன். நாற்பது இரண்டு தரம் எண்பது, மிச்சம் இருபது, இருபது நாற்பதில் பாதி, இரண்டரை என்றான். கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பார்த்தால், பிளஸ் இரண்டரை! அச்சடித்துக் கிடக்கிறது! மூன்று மாதமாக வகுத்தலுக்கு ரியூசன் போகிறான், ஒரு நாளாவது இப்படிச் சந்தோஷப்பட்டு வந்தானோ?

மகள்: (அவளுக்கும் சந்தோஷம்தான், காட்டக்கூடாது என்று நினைக்கிறாள்) அந்தப் பொட்டை எதன்மேல் விழுத்தினீர்கள்?

அப்பா: ஒரு தாள்மேல்.

மகள்: எந்தத் தாள்?

அப்பா: கையில் அகப்பட்ட தாள்.

மகள்: அப்பா, நேரசூசியை எடுங்கோ.

(அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுக்கிறார். மகள் விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். நான்கு துளைகள். ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. ஒரு துளையின் ஊடாக அவளுடைய ஸ்கூட்டி தெரிகிறது.)

மகள்: கிடுகு வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெருப்பு விளையாட்டோ!

அப்பா: வாளியில் தண்ணீர் வைத்துத்தான் செய்தது. நான் ஒருத்தன்தான் பிடித்தது. ஆளுக்கு ஒரு பொட்டு, நான்கு பேருக்கும் நான்கு. கண்ணைக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. ஒன்று கவனித்தாயோ? வெள்ளைத் தாள் சும்மா கிடந்தது, கறுப்பு எழுத்தில் பட்டவுடன்தான் புகைந்தது. கறுப்பு வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதுதான் வெய்யிலுக்கு வெள்ளைச் சட்டை போடச் சொல்லுகிறது என்று கடைசிப் பெடியன் தானாகச் சொன்னான்.

மகள்: எந்தெந்த எழுத்தில் பட்டது?

அப்பா: சரியாக நினைவில்லை.

மகள்: நான் வாசிக்கிறேன். “துளை. பூங்கா. இரும்புச் சறுக்கு சூடோ என்று துளை பார்க்கவும்.” முதல் துளையில் 4.30 என்று இருந்தது. இரண்டாவது துளையில் என்ன இருந்தது தெரியுமோ?

அப்பா: தெரியாது. கண்ணாடியின் கால் வளைந்துவிட்டது. தம்பிதான் வாசித்துச் சொன்னான்.

மகள்: நேரம் இல்லாமல் எப்படிப் போனீர்கள்?

அப்பா: நேரம் இல்லை என்றாலும் சிவப்புக் கோடு மூன்று மணிக்கு முடிகிறதே. ஒரு நிமிடம் முந்தவில்லை. மூன்று ஐந்துக்குத்தான் போய் இறங்கினோம்.

(மகள் கொப்பியின் கடைசி எழுத்துக்குப் போகிறாள். அப்பா தூணை மாற்றிப் பிடிக்கிறார்.)

மகள்: “3.05. பூங்கா. சறுக்கு சூடோ என்று பார்க்கவும் என்று அம்மா எழுதியிருந்தா. எதால் பார்ப்பது என்ற இடத்தில் ஓட்டை. அம்மப்பா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அவர் ஏறி இருந்து பார்த்தார்.”

அப்பா: பிள்ளைகளை முதலில் விட ஏலுமோ?

மகள்: “சூடு.”

(கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. காகம் ஒன்று கத்துகிறது. காலையில் எழுதின மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.)

மகள்: கையால் அப்பா. “கையால் தொட்டுப் பார்க்கவும்.” அதுதான் அந்த ஓட்டை.

அப்பா: இப்ப விளங்குகிறது.

மகள்: சாரத்தோடு போனீர்களோ?

அப்பா: சாரம்தான். மெல்லிய சாரம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று.

மகள்: எவ்வளவு தூரம் சறுக்கினீர்கள்?

அப்பா: முழுவதும். பாதியில் எழும்ப வழியில்லை. பெடியள் கைதட்டினார்கள்.

மகள்: (சிரிப்பை அடக்க முடியாமல் கொப்பியால் முகத்தை மறைக்கிறாள்) சரி, நில்லுங்கோ. இருக்கச் சொல்லவில்லை. கிணற்றடியில் கற்றாழை நிற்கிறது, இரண்டு மடல் வெட்டிக்கொண்டு வருகிறேன். பூசிவிட்டுக் குப்புறப் படுங்கோ.

அப்பா: கற்றாழையோ? அதுவும் சுற்றாடல் பாடத்துக்குள் வரும். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டு. வெட்டினால் பால் மாதிரி வழியாது, களிமாதிரி இருக்கும், தொட்டால் குளிரும். கொப்பியில் எழுதட்டும்.

மகள்: படமும் கீறச் சொல்லவோ?

அப்பா: கற்றாழையை மட்டும் கீறச் சொல்லு.